தர்மகர்த்தாவும் இலவச வக்கீலும்

என்னிடம் பணம் கேட்டு யாரும் வரவில்லையே என்று நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அது இந்த ஆடி மாதம்.

எங்கள் ஊர் செய்யூர் பக்கம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்போம். அதற்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்கள். வசூலுக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். எதிர் வீட்டில் வாங்கினார்கள். எங்கள் வாசலில் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விட்டார்கள். நான் வெற்றிலை மேல் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்…

வரி வாங்காத வீடு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? அந்த வீட்டுக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம். கூழும் கிடையாது, கற்பூரத் தட்டும் கிடையாது. நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். நெற்றியில் விபூதி இல்லாமல் பஸ் சாவியைத் தொட்டதில்லை. எனக்கு இந்தக் கதி!

காரணம் நான் இல்லை. என் மனைவி மஞ்சுளா.

மஞ்சுளா அங்கன்வாடி டீச்சர். தேர்தல் வேலை வந்தால் பூத் லெவல் ஆபீசர். ஆபீசர் என்றதும் ஜீப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள்… ஸ்கூட்டிதான். வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் காலி செய்துவிட்டுப் போனார்கள், யார் காலமானார்கள் என்று பார்த்து எழுத வேண்டும்.

எங்கள் கோயில் தர்மகர்த்தாவுக்கு இரண்டு மகன்கள். ஒருவர் மறைமலைநகர், ஒருவர் படூர். குடும்பத்தோடு போய் வருடக்கணக்காகிறது. ஓட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். மகன்கள் இரண்டு பேர், மருமகள்கள் இரண்டு பேர் என நாலு பேரையும் மஞ்சுளா இடம் மாறிப் போனவர்கள் என்று குறித்துவிட்டாள்.

தர்மகர்த்தா நேராக வீட்டுக்கே வந்தார். நான் நாற்காலி போட்டேன். டீ கொடுத்தேன்.

"இன்னாம்மா மஞ்சுளா, என் புள்ளைங்க பேர எட்த்துட்டியாமே?"

"அவுங்க ஓட்ட அங்க மாத்திகினாங்க மாமா. ரெண்டு எடத்துல வெச்சா தப்பு."

"என் வூட்ல ஆறு ஓட்டுன்னு கட்சியில சொல்லிகினு திரியிறேன். ரெண்டுதான்னா எவன் என்ன மதிப்பான்?"

"மதிப்புக்கு ஃபாரத்துல எடம் இல்ல மாமா."

அவர் டீயைக் குடித்து முடித்தார். எழுந்தார். "சவுக்குத் தோப்பு வழியாதான தெனம் போற? ஜாக்கிரதையா போ. ஒண்டியா போற பொம்பள… எதுனா ஆச்சுன்னா அப்பால என்ன கேக்காத" என்றார்.

இதற்கு நான் என்ன சொன்னேன்? "சரிங்க மாமா" என்றேன். வாய்ப் பழக்கம்.

மறுநாள் தோப்பு முழுக்க இரண்டு பைக்குகள் அவள் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே வந்தன. ஹாரன் அடித்தபடி, உரசுவது போல. அதற்கடுத்த நாளும் வந்தன. மஞ்சுளா வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபோது சொம்பு பல்லில் மோதிச் சத்தம் கேட்டது. அந்த வாரம்தான் வரிக்காரர்களும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. அம்மனை வேண்டிக்கொண்டு, எலுமிச்சம்பழம் மந்திரித்து ஸ்கூட்டியில் கட்டினேன். பழம் நன்றாக இருந்தது. பைக்குகள் நிற்கவில்லை.

"கோர்ட்டாண்ட இலவச சட்ட உதவி கீதாம். சம்பளம் எவ்ளோ இருந்தாலும் பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாம். கூட வேலை செய்யற அக்கா சொன்னாங்க" என்றாள் மஞ்சுளா.

எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்தல் என்றாலே நம் ஊரில் இலவசம் உண்டுதான். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்… எல்லாம் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு. ஓட்டு வேலை பார்க்கிறவளுக்கு இலவசமாக ஒரு வக்கீலா?

இருந்தாலும் வெறுங்கையோடு போகக் கூடாதே. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மஞ்சுளாவோடு செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனேன். வக்கீலம்மாவுக்குச் சின்ன வயது. தட்டைப் பார்த்தார்.

"என்னண்ணா, பொண்ணு கேக்க வந்தீங்களா?"

தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

மஞ்சுளா எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். தேர்தல் வேலையில் இருப்பவரை மிரட்டினால் அரசாங்க வேலையைத் தடுத்ததாகும், கேஸ் உண்டு என்றார். ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்க எந்தத் தர்மகர்த்தாவுக்கும் உரிமை இல்லை என்றார். பிறகு கேட்டார்:

"அவர் மிரட்டினப்போ கூட யார் இருந்தாங்க?"

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். வக்கீலம்மாவும் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாட்சின்னு கையெழுத்து போடுவீங்களாண்ணா?"

"கோயில் மனுஷன்மா அவரு…" என்று இழுத்தேன்.

"நீங்க சாமிக்கு பயப்படுறீங்களா, தர்மகர்த்தாவுக்கு பயப்படுறீங்களா? எதுனா ஒண்ணு சொல்லுங்க. நான் வூட்டுக்குப் போயி சோறாக்கணும்" என்றாள் மஞ்சுளா.

கையெழுத்துப் போட்டேன்.

வக்கீலம்மா புகாரை எழுதிக் கொடுத்ததோடு விடவில்லை. ஸ்டேஷனுக்கும் கூடவே வந்தார். தர்மகர்த்தாவைக் கூப்பிட்டார்கள். அவரும் ஒரு வக்கீலோடு வந்தார். அவர் காசு கொடுத்து வைத்த வக்கீல். இனி மஞ்சுளா வழிக்கு வரமாட்டேன் என்று தர்மகர்த்தா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பைக்குகளுக்கு அதன் பிறகு அந்தப் பக்கம் வேலை இல்லாமல் போய்விட்டது. அவர் மகன்கள், மருமகள்கள் நாலு பேரும் மறைமலைநகரிலும் படூரிலுமே இருக்கிறார்கள், ஓட்டோடு.

வரிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். "அன்னிக்கு வூடு பூட்டி இருந்துச்சுண்ணா" என்றார்கள். நான் வாசலில் நின்றதைப் பார்த்தவர்கள்தான். ஆமாம் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன்.

கூழ் வார்க்கிற அன்று தர்மகர்த்தாதான் ஊற்றினார். மஞ்சுளா குண்டானை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊற்றி முடித்து, "வெங்காயம் அங்க கீது, எட்த்துக்கோ" என்றார். எங்கள் ஊரில் இது மன்னிப்புக்குப் பக்கத்து வீடு.

அம்மனிடம் வேண்டிக்கொண்டது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டிக்கொண்ட பிறகுதானே வக்கீலம்மா கிடைத்தார்? ஆனால் ஒன்று… வக்கீலை அம்மன் கொடுத்தாள், கையெழுத்தை என்னிடம் விட்டுவிட்டாள்.

உங்கள் வீட்டுக்கும் ஸ்கூட்டியில் ஓர் ஆபீசர் வருவார். தண்ணீர் கொடுங்கள். யாராவது அவரை மிரட்டுவதைப் பார்த்தால், காலண்டரைப் பார்க்காதீர்கள்.

மஞ்சுளா இப்போதும் சவுக்குத் தோப்பு வழியாகத்தான் போகிறாள். "ஜாக்கிரதையா போ" என்று நான் மட்டும்தான் சொல்கிறேன்.