ஆறாம் நம்பர் கட்டிலில் நான் சொன்ன பொய்

“நான் பொழைப்பேனா, மாட்டேனா? உள்ளதைச் சொல்லுபா.”

ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்த ஏகாம்பரம் என்னிடம் நேராகவே கேட்டார். அது 1970களின் ஆரம்பம். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் வார்டு பாய். எட்டாவதோடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கும்.

எங்களுடையது பௌத்தக் குடும்பம். நோயாளி பக்கத்தில் உட்கார், அவர் பேசுவதைக் கேள், கேட்டால் உள்ளதைச் சொல் என்று எங்கள் சங்கத்தில் பழக்கியிருந்தார்கள். டூட்டி முடிந்ததும் ஒரு மணி நேரம் அப்படி உட்காருவேன். “இன்னா புத்தரே, இன்னும் ஞானம் வரலியா?” என்று ஏகாம்பரம் கிண்டல் செய்வார்.

அவர் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அண்ணனான இவர் உடலை நெய்ய, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் நாடா தள்ளுவார். ஏதோ தகராறில் தம்பி எழுந்து போய் ஒன்பது வருஷம். அடுத்த தெருதான். பேச்சில்லை.

“சாவப் போறேன்னா நானே அவனைக் கூப்பிடுவேன். பொழைச்சிக்குவேன்னா அவன்தான் வரணும். அதுக்குத்தான் கேக்குறேன்” என்றார்.

இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று அன்று காலைதான் டாக்டர் நர்ஸம்மாவிடம் சொல்லியிருந்தார். போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

“இன்னாண்ணே நீங்க! வெள்ளிக்கிழமை வீட்டுக்கே போயிடலாம்.”

“அப்ப வுடு. அவனே வரட்டும்.” முகம் தெளிந்து சிரித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டார்.

தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணன் என்னைக் கேட்டாரா? கூப்புடுவாருன்னு வீட்டு வாசல்லயே காத்துக்கினு இருந்தேம்பா.”

இந்த முறை நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“சாவுறவரே பயப்படாம கேட்டாரு. உனக்கு இன்னாய்யா பயம்?” என்றார்.

இரக்கத்தில் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். ‘டாக்டரைக் கூட்டியாரேண்ணே’ என்றாவது சொல்லியிருக்கலாம். சைக்கிளை எடுத்துப் போய்த் தம்பியையே கூட்டி வந்திருக்கலாம்.

வார்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வாய் திறக்கும்முன், அந்த ஆறுதல் அவருக்கா உங்களுக்கா என்று பாருங்கள்.

பொய் சொல்ல மாட்டேன் என்று தினமும் காலையில் புத்தர் முன் சீல உறுதி எடுத்துக்கொண்டுதான் நான் டூட்டிக்குப் போவேன். அன்றைக்கும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.