மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

எங்கள் மலையூரில் ஜெலிண்டா அக்காவுக்கு ஒரு மரம்கூடச் சொந்தமில்லை. குளிர்காலத்துக்குச் சற்று முன் வரும் மார்ட்டின் திருநாள் முடிந்தால், யார் தோப்பில் உதிர்ந்த கஷ்கொட்டையையும் யாரும் பொறுக்கலாம் என்பது ஊர் வழக்கம். அதைக் காயவைத்து அரைத்த மாவில்தான் நாற்பது ஆண்டுகளாக அவள் குளிர்காலத்தைத் தாண்டுகிறாள்.

இந்த ஆண்டு ஊர்த் தோப்பு ஒன்றை வாங்கிய நகரத்துக்காரர் ஒத்தாவியோ கம்பிவேலி போட்டுவிட்டார். திருநாளுக்கு மறுநாள் காலை அக்கா கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்தாள்.

“ஏம்மா, வெளியே போ! போலீஸைக் கூப்பிடுவேன்.”

“தாராளமா கூப்பிடுங்க. அந்தப் போலீஸ்காரனோட அம்மாதான் அதோ கூடையோட நிக்கறா.”

வேலிக்கு வெளியே எங்களோடு நின்ற ஜெம்மா அத்தை குரல் கொடுத்தாள்: “வரும்போது இன்னொரு கூடையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க தம்பி!”

அக்கா கம்பியை உயர்த்திப் பிடித்தாள். நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தோம்.