ஊர்சுலா எனக்கென்று வகுத்த பாடம்

ஜெர்மனியில் விருந்து மேசையில் எல்லோரும் சிரித்தால் நாமும் சிரித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் கணவர் முரளி தன் அலுவலக நண்பர்களிடம் ஏதோ சொல்வார், அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். விசாத் தேர்வுக்காகப் படித்த ஜெர்மன், கடையில் ரொட்டி வாங்கத்தான் போதுமானதாக இருந்தது. ஒருநாள் அவர் பேச்சில் ‘டும்’ என்ற சொல் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து பொருள் தேடினேன். மண்டு. அதற்கும் நான் சிரித்திருந்தேன்.

மொழி வகுப்பு ஆசிரியை ஊர்சுலா, எதற்காகப் படிக்கிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டு அதற்கேற்பப் பாடம் வைப்பார். லாரி ஓட்ட விரும்பிய சிரியாக்காரருக்கு பிரேக்கும் சாலை விதியும். ராஜபாளையத்தில் எனக்கு இங்கிலீஷ் நடத்திய யாரும் அப்படிக் கேட்டதில்லை. “கணவர் என்னைப் பற்றிப் பேசுவது புரிய வேண்டும். பதில் சொல்ல வேண்டும்” என்றேன். “ஷைடுங்?” என்றார் மெல்ல. புரியாமலே தலையாட்டினேன். அடுத்த வகுப்புக்கு ஒரு வக்கீலின் முகவரியோடு வந்துவிட்டார். விவாகரத்தா என்று கேட்டிருக்கிறார்! எனக்கு விடுதலை வேண்டாம், பழிவாங்க வேண்டும் என்று அகராதியைப் புரட்டிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் பாடம் கிண்டல், குத்தல், பேச்சை இடைமறிப்பது என்று மாறியது. அவர் முரளியாகப் பேசுவார். நான் மடக்க வேண்டும். வீட்டில் மட்டும் ஊமையாகவே இருந்தேன்.

தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முரளியின் தங்கைக்குக் கல்யாணம். அவர் நண்பர் மார்க்குஸும் எங்களோடு வந்திருந்தார். கல்யாணம் முடிந்து, முரளி வீட்டார் அனைவருக்கும் ராஜபாளையத்தில் என் பிறந்த வீட்டில் விருந்து. பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் அப்பா, மார்க்குஸின் இலையில் பரிமாறியபடி, “தம்பி, எம் மக மில்லு லேபுல அம்புட்டுப் பேருக்கும் வேல சொல்லிக் குடுத்தவ. அங்கயும் நல்லா வருவா. மாப்பிள்ளை, அவருக்குச் சொல்லுங்க” என்றார்.

முரளி ஜெர்மனில் சொன்னார்: “இவள் எதற்கும் லாயக்கில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.”

“டாஸ் ஷ்டிம்ட் நிஷ்ட்” என்றேன். அது உண்மையில்லை. அப்பா சொன்னதைப் பிசகில்லாமல் ஜெர்மனில் சொன்னேன். மார்க்குஸ் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு முரளி சொன்னதை, அவர் அம்மா உட்கார்ந்திருந்த அதே பந்தியில், தமிழில் சொன்னேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

“ஏட்டி, நெசமாத்தான் சொல்லுதியா?” என்றார் அப்பா.

“அவரையே கேளுங்கப்பா.”

முரளி மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் மாமியார்தான் எழுந்தார். “ஏலே, கையக் கழுவு. இந்த வீட்டுச் சோறு ஒனக்கு எதுக்கு?”

எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஜெர்மனி திரும்பியபின் இப்போது நண்பர்களோடு போனில் பேச முரளி பால்கனிக்குப் போய்விடுகிறார். பின்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவைத் தாழிட்டுவிடுகிறேன். செத்த நேரம் பனியில் நிற்கட்டும். தட்டித் தட்டித் தமிழில் கெஞ்சுவார். என் வாயில் ஜெர்மன்தான் வருகிறது. கை மட்டும் அடுப்பில் அவருக்கும் சேர்த்து ரசம் தாளித்துக்கொண்டிருக்கிறது.