புதுச் சுவரில் பழைய கறை

“தட்டப் போறேன். சத்தம் வரும்.”

பெயின்ட் டப்பாவின் மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்குவதற்கு முன் அவர் இப்படிச் சொல்வார். ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். பிறகுதான் தட்டுவார். ஏணியை நகர்த்தும் முன், “இழுக்கப் போறேன், கிறீச்சுங்கும்.” குழாயைத் திறக்கும் முன், “தண்ணி வரப் போகுது.” கூட வேலை செய்கிறவர்கள், “அண்ணே, தும்முறதுக்கு முன்னாடியும் சொல்லிடுங்க” என்று கிண்டல் செய்வார்கள். “எனக்கே தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?” என்பார், சிரிக்காமல்.

பெயின்டர் அண்ணனிடம் நான் சுவர் தேய்க்கிறேன். பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. இந்த மனிதர் ஏன் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவிக்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கேட்கக் கூச்சம். ஒரு நாள் மறந்து வைத்த பிரஷ்ஷை எடுத்து வர அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டக் கையை ஓங்கியதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அவர் மனைவி ஓடி வந்தார். “தட்டாதீங்கம்மா, மெதுவாக் கூப்பிட்டாப் போதும்.”

அவர்களுக்கு ஒரே மகள், பத்து வயது. எதிர்பாராத சத்தம் அவளுக்கு முதுகில் அடி விழுவது மாதிரி. சொல்லிவிட்டு வருகிற சத்தத்தை எப்படியோ தாங்கிக்கொள்வாள். எந்தப் பொருளும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். “டாக்டர் அதுக்கு ஆட்டிசம்னு பேர் சொன்னாரு. அதுக்கு முன்னாடியே நாங்க மேனேஜர்னு பேர் வெச்சுட்டோம்” என்றார் அண்ணன். “டம்ளர் ஒரு விரக்கடை தள்ளியிருந்தா நம்ம வேலை போயிடும்.”

அந்த வீட்டுக் கூடத்தில் மழைநீர் கசிந்து காய்ந்த ஒரு பழுப்புக் கறை இருந்தது. மேனேஜர் பள்ளியிலிருந்து வந்ததும் அதன் ஓரத்தை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பையைக் கழற்றுவாள். எனக்கு எப்படித்தான் துணிச்சல் வந்ததோ, “இது வாத்து மாதிரி இருக்குல்ல?” என்று அவளிடம் கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கறையை நன்றாகப் பார்த்தாள்.

“கறை மாதிரி இருக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கும் அது வாத்தாகத் தெரியவில்லை.

இந்த வருடம் அந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். செய்தி வந்த அன்று அண்ணன் தட்டில் சுவர்ப் பள்ளங்களை அடைக்கும் பட்டியைக் குழைத்தார், குழைத்துக்கொண்டே இருந்தார், அது கல்லாக இறுகும்வரை. முன்பு வீடு மாறியபோது மேனேஜருக்கு ஐந்து வயது. அப்போது அவள் புது வீட்டுப் படி ஏறவில்லை. சாப்பிடாமல் தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டிருந்தாள். “அப்பதான் நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருந்தா. அன்னைக்கோட நின்னு போச்சு. திரும்பி வர ஒரு வருஷம் ஆச்சு” என்றார். இறுகிய பட்டியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். “இந்தத் தடவை போனா, வருமோ வராதோ.”

நாலு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது. அறைகள் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் புதிதாக வெள்ளையடித்த சுவர்கள். ஊரார் வீட்டையெல்லாம் புதிதாக்கித் தருகிற மனிதர் அங்கே உட்கார்ந்து ஒரு வீட்டைப் பழையதாக்கத் தொடங்கினார்.

பழைய சுவரின் பச்சைக்குக் கடையில் நிற எண் கிடையாது. பழைய பூச்சில் நகமளவு பெயர்த்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கலப்பார், புறங்கையில் தடவிக் காயவிடுவார், பக்கத்தில் பெயர்த்ததை வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். அவர் கையில் எத்தனையோ பச்சைகள் வரிசையாகக் காய்ந்திருந்தன. பீரோ நின்ற இடத்தில் மட்டும் நிறம் அழுத்தமாக இருக்கும், அதையும் விடவில்லை. கூரையோரத்து விரிசலை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்தார். கறையின் மேல் செய்தித்தாளை ஒட்டி ஓரம் வரைந்து எடுத்து வந்து, நீர்த்த பழுப்பை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி ஏற்றினார். உட்பகுதி வெளிறி, ஓரம் கருத்திருக்க வேண்டும். அது வரவில்லை. “இதைத் தேச்சு எடுத்துரும்மா” என்றார். தேய்த்தேன். மறுபடி வரைந்தார். மறுபடி தேய்த்தேன். அழுக்கு சரியாக வரவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

அவர் மனைவி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். “பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? பெயின்டர் வீட்டு லட்சணத்தைப் பாருன்னுதான்.” சொல்லிவிட்டுக் கழுத்தைச் சாய்த்துக் கறையையே பார்த்தார். “கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் வழியணும்.”

ஒரு நாள் புது வீட்டின் உரிமையாளர் வந்தார். நேரே கறைக்குப் போனார்.

“ஏம்ப்பா, ஒழுகுதா?”

“ஒழுகல சார். வரைஞ்சது.”

“என்னது?”

“காலி பண்ணும்போது வெள்ளையடிச்சுக் கொடுத்துருவேன் சார். பொண்ணுக்காக.”

அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். முகர்ந்து பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “ஊருல எல்லாரும் ஒழுகலைக் காட்டி வாடகையைக் குறைக்கச் சொல்வாங்க. நீ நல்ல சுவத்துல ஒழுகலை வரையுறே” என்றார். போகும்போது வாசலில் நின்று, “பொண்ணுக்குப் பிடிச்சுதான்னு சொல்லு” என்றார்.

வேலை நடந்த நாளெல்லாம் அண்ணன் மேனேஜரைப் பள்ளியிலிருந்து புது வீட்டுத் தெரு வழியாகவே கூட்டி வந்தார். முதலில் தெரு, பிறகு கேட், பிறகு படி. படியோடு நின்றுவிடுவாள். அவளிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. “உள்ள கறை இருக்கு. ஆனா அது பழைய கறை இல்ல. அப்பா வரைஞ்சது.”

சாமான்களை ஏற்றி இறக்கிய நாளில் நானும் இருந்தேன். பழைய திரைகளைத் துவைக்காமல் அப்படியே மாட்டினோம். மாலையில் அவள் படியில் வந்து நின்றாள். “உள்ள வரப் போறோம்” என்றார் அண்ணன். நெடுநேரம் நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு கால் உள்ளே வந்தது. பிறகு இன்னொன்று.

நேரே கறைக்குப் போனாள். விரல் ஓரத்தில் ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அண்ணன் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். மேனேஜர் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் நிமிர்ந்து படுக்கையறை வாசலுக்குப் போனாள். திரை மூடியதால் உள்ளே இருட்டு. பார்க்காமலேயே இடது கையை உள்ளே நீட்டிச் சுவரை அழுத்தினாள்.

அங்கே வெறும் சுவர். பழைய வீட்டில் ஸ்விட்ச் இடப்பக்கம், இந்த வீட்டில் வலப்பக்கம். அதைச் சுற்றிக் காகிதம் ஒட்டிப் பெயின்ட் அடித்தவரே அண்ணன்தான். பகலிலேயே வேலை செய்து பகலிலேயே திரும்பிய எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. அவள் மறுபடி அழுத்தினாள். தோள்கள் மேலேறின. மணிக்கட்டு வாயை நோக்கிப் போனது.

“லைட் வரப் போகுது” என்றார் அண்ணன். அவள் பின்னால் வலப்பக்கம், ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

மணிக்கட்டு பாதியில் நின்றது. அவள் கை மெல்ல இறங்கிச் சுவரை அழுத்தியது. விளக்கு எரிந்தது.

அவள் விளக்கைப் பார்த்தாள். ‘டக்’ என்ற சத்தம் வந்த பக்கம் திரும்பி, அவர் கையைப் பார்த்தாள். தன் விரலுக்கடியில் இருந்த சுவரைப் பார்த்தாள்.

“இதுல ஸ்விட்ச் இல்ல” என்றாள்.

“இல்லதான்” என்றார்.

அவள் யோசித்தாள். பிறகு சுவரை இன்னொரு தடவை அழுத்தினாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் விளக்கை அணைத்தார்.