கோர்ட்டில் பெய்த பனி

போன வாரம் ஒரு அஃபிடவிட் வேலையாகத் திருவனந்தபுரத்தின் பழைய கோர்ட்டுக்குப் போனேன். ஓட்டுக் கூரை, அகல வராந்தா, ஆளுயர ஜன்னல்கள் — எல்லாம் அப்படியே. விசாரணை ஹாலுக்கு மட்டும் ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து மூடியிருந்தார்கள். மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஏன் தெரியுமா? என் காலேஜ் நாட்களில் அந்தக் கதவுகள் மூடி நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் நல்ல மழை. ஆரியசாலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவன், வராந்தாவில் ஒதுங்கினேன். சாரல் துரத்தவே, ஹாலுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே ஒரு விபத்து வழக்கு. பொன்முடி மலை வளைவில் ஜீப் சரிந்து ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று டிரைவர் துரைராஜ் மேல் கேஸ். அவருக்கு இருந்த ஒரே சாட்சி, அதே ஜீப்பில் வந்த எஸ்டேட் தொழிலாளி முத்துலட்சுமி.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. புரியும்தானே என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

“மெதுவாத்தான் சார் ஓட்டுனாரு. ஒரே பனி...” என்றார் முத்துலட்சுமி.

அரசு வக்கீல் நிமிர்ந்தார். “கடுத்த பனி ஆயிருந்நோ?”

“ஆமா சார், கடும் பனி!”

வக்கீல் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். இத்தனை காய்ச்சலில் கிடந்தவர் ஜீப்பின் வேகத்தை எப்படிக் கவனித்திருப்பார் என்று கேட்டார். ஜட்ஜ் தலையசைத்து எழுதத் தொடங்கினார். துரைராஜின் முகம் வெளிறிவிட்டது.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்! நம் பனியை அவர்கள் மஞ்ஞு என்பார்கள். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆனால் கோர்ட்டில் நான் எழுந்து பேசலாமா? எழுந்துவிட்டேன்.

“சாரே... அவரு பறஞ்ஞது மஞ்ஞா. பனியல்ல!”

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நிங்ஙள் ஆரா?”

“மழையத்து கேறி நின்னதா, சாரே.”

மழைக்கு ஒதுங்கினவன் என்று நான் சொன்னதும் ஹால் சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. சாட்சியிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்: “உங்களுக்கு அன்னிக்குக் காய்ச்சலா?”

“எனக்கா? நான் நல்லாத்தான் சார் இருந்தேன். மலையிலதான் பனி. முன்னாடி போற மாடுகூடத் தெரியல!”

எழுதியதை அடித்துத் திருத்தினார் ஜட்ஜ். அன்று அந்தக் கதவு மூடியிருந்தால்? நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

சில மாதம் கழித்து, ஆரியசாலைக் கடை வாசலில் துரைராஜ் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். “விட்டுட்டாங்க தம்பி!” பிடித்த கையை விடவில்லை. இன்னொரு நாள் பொன்முடிக்கும் அழைத்துப் போனார். ஏற ஏற, சாலையே காணாமல் போனது. ஜீப் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஊர்ந்தது.

முத்துலட்சுமியம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை!