பிளக்குக்குப் பூசை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் நான். அதையும் அதிகம் திருப்பியதில்லை என்பது வேறு விஷயம்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். அவர் கார் வாங்கியது போவதற்கு அல்ல, நிறுத்திவைப்பதற்கு. வாசலில் கார் நின்றால் பட்டு வாங்க வருபவர்களுக்கு நம்பிக்கை வருமாம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களைப் பார்க்க அவர் சைக்கிளில்தான் போவார். காரைத் துடைப்பது என் வேலை.

வெள்ளிக்கிழமை தோறும் முதலாளியம்மா பானெட்டைத் திறக்கச் சொல்வார். இன்ஜின் மேல் இருக்கும் நான்கு பிளக்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரையும் ஊற்றுவார். அங்கேதான் தீப்பொறி வருகிறது என்று நான்தான் தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். தண்ணீர் பிளக்கைச் சுற்றித் தேங்கும். துருப்பிடிக்கும் என்று சொல்ல நினைப்பேன். என் நாக்கும் அந்தக் கார் மாதிரிதான், நகராது.

ஒருநாள் காலை, தன் மகளைப் பெண் பார்க்க வருபவர்களை ரயிலடியிலிருந்து அழைத்துவரச் சொன்னார் முதலாளி.

"கார் கிளம்பலன்னா நீ கிளம்பிடுப்பா."

என் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. தெருக்காரர்கள் நாலு பேர் தள்ளினார்கள்.

"தேர்னு சொல்லியிருந்தா வடம் கொண்டாந்திருப்போமேப்பா!"

விருந்தாளிகள் குதிரை வண்டியில் வந்து இறங்கி, இதை வேடிக்கை பார்த்தார்கள்.

மெக்கானிக் வந்து ஸ்பேனரைப் போட்டார். பிளக் பாதி உடைந்து கையில் வந்தது.

"உள்ளயே துருப்புடிச்சு ஒட்டிக்கினு இருக்குது. யாருப்பா இதுக்கு அபிஷேகம் பண்ணிக்கினு இருந்தது?"

எல்லோரும் பார்த்தார்கள். முதலாளியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன். அந்த வருடம் நான் சத்தமாகப் பேசியது அவ்வளவுதான்.

"அறிவு இருக்குதாப்பா உனக்கு?" என்று ஆரம்பித்து, விருந்தாளிகள் முன்னால் முதலாளி திருப்தியாகத் திட்டினார். வேலையை விட்டு மட்டும் அனுப்பவில்லை. கல்யாணமும் நிச்சயமானது.

புதுப் பிளக் போட்ட முதல் வெள்ளிக்கிழமை, முதலாளியம்மா சொம்போடு வந்தார். இன்று சொல்லியே தீருவது என்று வாயைத் திறந்தேன்.

"நீ தள்ளி நில்லுப்பா. நீ ஊத்தித்தானே எல்லாம் கெட்டுப்போச்சு? இனிமே நானே பார்த்து ஊத்திக்கிறேன்."

தள்ளி நின்றேன்.

எழுதியது: 1977, தை மாதம், வெள்ளிக்கிழமை.