என் பொய்நடையைக் கற்ற இயந்திரம்

அந்த நடைகள் பொய். நடந்தது நான்.

மூட்டுத் தேய்ந்த பெண்கள் நடப்பதாகச் சொல்லி ஓர் ஆராய்ச்சிக்கு நான் அனுப்பிய பதிவுகளில் பெரும்பாலானவை என் கால்களுடையவை. வலி என்றால் என்னவென்றே அறியாத, நலமான, இளமையான என் கால்கள்!

சொல்லிவிட்டேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்களிடம் சொன்ன இந்தக் கணத்தில் மார்புக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்காருகிறது.

நான் ஓர் இயன்முறை மருத்துவர். ஊர் வழக்கில் பிசியோதெரபிஸ்ட். ஆவூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். மணமேல்குடியில் ஓர் அறக்கட்டளையின் சிறிய மையத்தில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து மருத்துவர் வசுமதி எங்கள் மையத்தைத் தேடி வந்தார். எலும்பு மூட்டு நோய்களில் தேர்ந்தவர். ஒருவர் நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்தால், அதைப் பார்த்தே முழங்கால் மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை உருவாக்குவது அவருடைய ஆராய்ச்சி. தேய்மானம் இல்லையென்றால் பச்சை. ஐயம் என்றால் மஞ்சள். உடனே எக்ஸ்ரேயும் சிகிச்சையும் வேண்டுமென்றால் சிவப்பு. எக்ஸ்ரே வண்டி எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி!

ஆனால் இயந்திரம் தானாக எதையும் அறியாது. இவருக்குத் தேய்மானம் மிகுதி, இப்படி நடக்கிறார். இவருக்கு இல்லை, இப்படி நடக்கிறார் என்று காட்டிக் காட்டிச் சொல்லித் தரவேண்டும். எக்ஸ்ரேயும் நடையும் சேர்ந்த பாடங்கள் நிறைய வேண்டும். கடலோரத்துப் பெண்களிடம் அவற்றைச் சேகரிப்பது என் பொறுப்பாயிற்று.

பெண்கள் எக்ஸ்ரேக்கு வந்தார்கள். கேட்டதற்கெல்லாம் விடை சொன்னார்கள். நடக்கச் சொல்லிக் கைப்பேசியை எடுத்ததும் பின்வாங்கினார்கள்.

“படமெல்லாம் வேணாங்க. அது எங்கெங்கயோ போயிரும்.”

முகம் பதியாது என்று விளக்கினேன். படம் கைப்பேசியிலேயே அழிந்துவிடும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் இருந்த இடங்களில் அசையும் புள்ளிகள் மட்டுமே மிஞ்சும் என்றேன். கோட்டைப்பட்டினத்துப் பெண் ஒருத்தி சிரித்தாள்.

“புள்ளியா இருந்தாலும் எம் புள்ளிதானேங்க?”

எவ்வளவு நியாயமான கேள்வி! அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வசுமதி மேடத்தை அழைத்து, ‘இங்கே பெண்கள் தயங்குகிறார்கள், காலம் வேண்டும்’ என்று சொல்லியிருக்கலாம். கொடுத்திருப்பார். ஆனால் மற்ற வட்டாரங்களிலிருந்து பதிவுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. என்னால் முடியவில்லை என்று சொல்ல என் நா எழவில்லை. அவ்வளவுதான் காரணம். யாரும் என்னை மிரட்டவில்லை. வறுமை என்னைத் துரத்தவில்லை. வெறும் வீம்பு!

ஒரு மதியம், மையத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, பின்பக்கத் தாழ்வாரத்தில் கைப்பேசியை நிறுத்திவைத்து நானே நடந்தேன்.

எனக்கு நோயாளிகளின் நடை தெரியும் என்ற திமிர்... வலக்காலை இழுத்து நடந்தேன். பிறகு இடக்காலை. இடுப்பை ஒருபக்கம் தள்ளி நடந்தேன். பையில் கல்லைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தேன். புள்ளிகளுக்கு ஏது முகம்? ஏது வயது? எக்ஸ்ரே எடுத்துவிட்டு நடக்க மறுத்துப்போன பெண்களின் பதிவு எண்களோடு என் நடைகளை ஒவ்வொன்றாக இணைத்தேன். அவர்களுடைய எலும்பு, என்னுடைய நாடகம்! அந்தப் பெண்களின் அந்தரங்கத்தைக் காக்க ஏற்பட்ட ஒழுங்கே எனக்குத் திரையானது.

முதல் நாள் கூசியது. அடுத்தடுத்த நாள்களில்... பழகிவிட்டது.

“கடற்கரைப் பக்கம் ஒங்களால மட்டுந்தான் முடியும்னு எனக்கு அப்பவே தெரியும்” என்று மேடம் தொலைபேசியில் சொன்னபோது நான் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை. உண்மையாகவே மகிழ்ந்தேன்!

ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. அதில் என் பெயரும் இருந்தது. இயந்திரம் ஊர்களில் நடக்கும் மருத்துவ முகாம்களுக்குப் போயிற்று. அந்த ஆண்டுத் தவக்காலத்தில், பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். “பொய் சொன்னேன், சாமி” என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. செபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அப்படியொரு பாவசங்கீர்த்தனம் யாருக்கு? கடவுளையுமா ஏய்ப்பது?

பிறகு சபுரா அம்மா வந்தார்.

கோட்டைப்பட்டினத்தைச் சேர்ந்தவர். கணவர் இல்லை. இறால் உரிக்கும் கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். மாடிப்படியில் ஈரத்துணியோடு ஏறும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடியபின் கைக்குப் பயிற்சி தர வேண்டுமென்று என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

அவர் அறைக்குள் நுழைந்த விதத்தைப் பார்த்தேன். இழுப்பு இல்லை, நொண்டல் இல்லை. சிறிய சிறிய அடிகள். உட்காருமுன் நாற்காலியின் கைப்பிடியை நல்ல கையால் இறுகப் பற்றினார். முகத்தில் ஒரு சுளிப்பு வந்து மறைந்தது.

“முட்டி வலிக்குதாம்மா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா. முகாம்ல மிசினு பாத்துச்சு. பச்சை காட்டிருச்சு.”

“வலிக்குதா, இல்லையா?”

“வலிக்கும்... ஆனா ஒண்ணுமில்லையாமே!”

அவருடைய கையை எடுத்து விரல்களை நீவத் தொடங்கினேன். அவரே தொடர்ந்தார்.

“அன்னிக்கும் முட்டி மடங்கித்தான் விழுந்தேன். வீட்ல யாரும் நம்பலை. ‘மிசினே சொல்லிருச்சு, மாமி வேலைக்குச் சுணங்கிக்கிட்டு நடிக்கிறாக’ன்னு மருமவ சொல்லுது. மகனும் சிரிக்கிறான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கே ஒரு நேரம் சந்தேகமாப் போச்சுங்க... நெசமாவே நடிக்கிறேனோன்னு.”

நடிப்பு! அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? நடித்தவளாகிய நான் எதிரே உட்கார்ந்து அவருடைய விரல்களை நீவிக்கொண்டிருந்தேன்.

முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு, வீக்கம். மடக்கி நீட்டும்போது உள்ளே நெறுநெறுவென்ற உரசல் என் உள்ளங்கையில் தெரிந்தது. எக்ஸ்ரேக்கு அனுப்பினேன். மூட்டின் இடைவெளியே இல்லை. எலும்பு எலும்போடு உட்கார்ந்திருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. கடுமையான தேய்மானம் என்றால் இப்படித்தான் காலை இழுத்து, இடுப்பை ஒடித்து நடப்பார்கள் என்று நான் இயந்திரத்துக்குச் சொல்லித் தந்திருந்தேன். சபுரா அம்மாவோ வலியை மறைத்து மறைத்தே நடக்கப் பழகியவர். போதாததற்கு, கைப்பேசிக்கு முன்னால் எல்லாப் பெண்களையும்போல நிமிர்ந்து, தன்னால் இயன்ற அளவு ஒழுங்காக நடந்திருப்பார். என் பாடத்தில் அப்படியொரு நோயாளியே கிடையாது!

அன்று பிற்பகலே புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன்.

வசுமதி மேடம் அறையில் தனியாக இருந்தார். நின்றபடியே சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. “அந்த நடையெல்லாம் நான் நடந்தது, மேடம்” என்பது மட்டும் வந்தது.

அவர் கணினியைத் திறந்தார்.

“உக்காருங்க. எதெது ஒங்க நடைன்னு காட்டுங்க.”

“மேடம், நான்...”

“எனக்குக் கோபம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. பச்சை காட்டி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கோமோ? மொதல்ல அதைப் பாக்கணும்.”

திரையில் புள்ளிகள் நடந்து வந்தன. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள். இது நான்... இது நான் இல்லை... இது நான்... அவற்றை அடையாளம் காண எனக்கு ஒரு கணமும் தேவைப்படவில்லை. எப்படி மறக்கும்? நான் “இது நான்” என்று சொல்லச் சொல்ல, மேடத்தின் முகம் சாம்பல் பூத்துக்கொண்டே போயிற்று. பல ஆண்டு உழைப்பு அவருடையது. பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் கண்களை மூடிக்கொண்டார். நான் தண்ணீர் எடுத்துத் தரவா என்று கேட்கக்கூடத் தகுதியற்றவளாக உட்கார்ந்திருந்தேன்.

முகாம்களில் இயந்திரம் நிறுத்தப்பட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஏன் பெறுகிறோம் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். அறக்கட்டளை விசாரித்தது. ஆராய்ச்சிப் பணிகளிலிருந்து என்னை நீக்கியது. நோயாளிகளைப் பார்க்க மட்டும், மேலதிகாரி ஒருவரின் கண்காணிப்பில், அனுமதித்தது. பச்சை காட்டப்பட்டவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய் மறுபடி சோதித்தார்கள். சிலர் கிடைத்தார்கள். சிலர் வேலை தேடி வெளியூர் போயிருந்தார்கள்.

உங்களிடம் ஒன்றை ஒளிக்கக்கூடாது. புதுக்கோட்டையிலிருந்து திரும்பிய அந்தப் பேருந்தில், அத்தனை இடிபாடுகளுக்கும் நடுவே, நான் நிம்மதியாக இருந்தேன்! வெட்கங்கெட்ட நிம்மதி! சன்னலோரம் காற்று அடித்தது. எத்தனையோ நாளாக இல்லாத பசி எடுத்தது. அறந்தாங்கி நிறுத்தத்தில் கடலை வாங்கித் தின்றேன். ஒருவரின் உழைப்பைச் சிதைத்துவிட்டு வருகிறவளுக்குக் கடலை ருசிக்கலாமா? ருசித்தது. என்ன செய்வேன்?

சபுரா அம்மாவிடம் மறுநாள் சொன்னேன். புள்ளி, பாடம், இயந்திரம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நீங்க நொண்டுற மாதிரி நடந்து காட்டுனதாலதான் அந்த மிசினு எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னுச்சு?”

“ஆமாம்மா.”

“இதை எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? எனக்குத்தான் வலி தெரியுமே. எங்க வீட்டுக்கு வந்து சொல்லுங்க. எம் மகன் முன்னால, மருமவ முன்னால சொல்லுங்க.”

போனேன். தொழுகை முடிந்து மகன் நசீர் வந்திருந்தார். மருமகள் பாத்திமா கதவோரம் நின்றாள். சபுரா அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நான் செய்ததைச் சொன்னேன். இந்த முறை சொற்கள் வந்தன.

“நடிச்சது நான். ஒங்க உம்மா இல்லை.”

நசீர் எக்ஸ்ரேயை வாங்கி மேலும் கீழுமாகப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரிந்ததோ!

“படிச்சவுக நீங்க... இப்படிப் பண்ணலாமாங்க?” என்றார். பிறகு தாயின் பக்கம் திரும்பினார். “ஏன் உம்மா, இவ்வளவு வலியை வச்சுக்கிட்டா மாடியேறுனிய?”

பாத்திமா அழுதாள். “மன்னிச்சுக்கங்க, மாமி” என்று மாமியாரின் அருகில் போய் உட்கார்ந்தாள். அவள் செய்த பிழைக்கு அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். என் பிழைக்கு நானும் கேட்டேன். மருமகளின் தலையைத் தடவிய கை எனக்காக உயரவில்லை.

“தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார் என்னிடம். அவ்வளவே.

வாசலைத் தாண்டியதும் நீளமாக ஒரு மூச்சு விட்டேன். கடற்காற்று முகத்தில் உப்பாகப் பட்டது. மன்னிக்கவில்லை அவர்... ஆனால் அந்த வீட்டில் இனி யாரும் அவரை நடிக்கிறார் என்று சொல்லமாட்டார்கள். அந்த ஒன்று எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்றும் போதுமானதாக இருக்கிறது.

முகாம்களில் பச்சை காட்டப்பட்டு, பிறகு தேடியும் கிடைக்காத பெண்கள் எங்கோ இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளுக்கு நான் போக முடியாது. அந்தப் பாரம் இறங்காது. இறங்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை. எனினும், ஒளித்துச் சுமந்ததற்கும் இப்போது வெளிச்சத்தில் சுமப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

சபுரா அம்மா இப்போது முழங்கால் பயிற்சிக்கு வருகிறார். பாத்திமா கூட்டி வருகிறாள். காலை மெல்ல மடக்குவேன். “வலிக்குதுங்க” என்பார் சபுரா அம்மா.

சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார்... நான் நம்புகிறேனா என்று.